நாலு கரண்டிக்குப் பதில் இரண்டு கரண்டி

திருப்பூரில் திங்கட்கிழமை காலை என் ஓ.பி.யில் உட்கார இடம் இருக்காது. சனிக்கிழமை இரவு பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வரும். வாடகை பாக்கி, மளிகை, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் போக மிஞ்சியதை எடுத்துக்கொண்டு மறுநாள் குழந்தையைத் தூக்கி வருவார்கள்.

அப்படி ஒரு திங்கட்கிழமை வந்தவர்கள் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தம்பதி. கணவர் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர், மனைவிக்குத் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. குழந்தைக்கு நாலு மாதம் முடிந்திருந்தது. பிறந்தபோது 2.9 கிலோ, அன்று தராசில் 4.6 கிலோ. ஒழுங்காக வளரும் குழந்தை ஐந்து மாத வாக்கில் பிறந்த எடையைப் போல் இரண்டு மடங்கு இருக்கும். இந்தக் குழந்தை பின்தங்கிவிட்டது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இல்லை. "அழுதுக்கிட்டே இருக்கான் டாக்டரம்மா, ராத்திரி தூங்க மாட்டேங்கிறான்" என்பது மட்டும்தான் புகார்.

பவுடர் பால் கொடுப்பதாகச் சொன்னார்கள். எப்படிக் கலக்குகிறாய் என்று கேட்டேன். அந்தப் பெண் கணவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "120 மில்லி தண்ணிக்கு ரெண்டு கரண்டி போடுறேன் டாக்டரம்மா. டப்பாவுல நாலுன்னு இருக்கு. நாலு போட்டா மூணு நாள்ல டப்பா தீந்துருது" என்றாள்.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவள் கணக்கு சரியான கணக்கு. அந்த வயதுக் குழந்தை ஒரு நாளைக்கு 700, 750 மில்லி குடிக்கும். 30 மில்லிக்கு ஒரு கரண்டி வீதம் 25 கரண்டி. 400 கிராம் டப்பா நாலு நாள் தாண்டாது. மாதத்துக்கு எட்டு டப்பா. ஒன்று 400 ரூபாய்க்கு மேல். இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தாலும் அந்த வீட்டால் அதைத் தாங்க முடியாது. பசியில் அழுத குழந்தைக்கு வயிற்று வலி என்று நினைத்து கிரைப் வாட்டர், தூக்கம் வர ஏதோ ஒரு சொட்டு மருந்து, உடம்பு தேற ஒரு டானிக் என்று மருந்துக் கடையில் வாங்கியது தனி. அந்த மூன்றில் ஒன்றுகூட அவனுக்குத் தேவைப்படவில்லை.

குழந்தை பிறந்த வீட்டில் சிக்கனம் என்று நான் பேச ஆரம்பிப்பது இந்த இடத்திலிருந்துதான். எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாதோ அங்கே பிடித்துவிட்டு, தேவையே இல்லாத இடத்தில் கொட்டிக் கொடுக்கிறோம். இந்த ஊரில் பாதி வீடுகளில் பாட்டி கிடையாது. பாட்டி மதுரையிலோ திருவண்ணாமலையிலோ இருக்கிறாள். பத்துக்குப் பத்து லைன் வீட்டில் இரண்டு பேர், ஒரு குழந்தை, கையில் ஒரு போன். போன் காட்டுவதெல்லாம் வாங்க வேண்டிய பொருள்களாகவே இருக்கின்றன.

பால் விஷயத்தையே முதலில் முடித்துவிடுகிறேன், மற்ற எல்லாச் செலவும் இதற்குக் கீழேதான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம், நம் ஊர் சித்திரை வெயிலிலும் வேண்டாம். "பால் பத்தலை" என்று வரும் தாய்மாரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறான்? ஆறு தடவைக்கு மேல் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது. மார்பு மெத்தென்று இருப்பதோ, குழந்தை சாயங்காலம் சிணுங்குவதோ பால் குறைந்ததற்கு அடையாளம் கிடையாது. பிறந்த முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். அந்த முதல் வாரத்தில் பயந்துபோய்த் திறக்கிற டப்பாதான் பின்னால் மூட முடியாத டப்பா ஆகிறது. பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யவே கூடாது என்று இந்த நாட்டில் 1992ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. அந்த அளவுக்குக் காரணம் இருந்ததால்தான் சட்டம் போட்டார்கள்.

வேலைக்குப் போகும் தாய், சுத்தமாகக் கை கழுவி, எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போகலாம். வெளியில் 4 மணி நேரம், பிரிட்ஜில் இருந்தால் 24 மணி நேரம். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது; வெந்நீர்க் கிண்ணத்தில் டம்ளரை வைத்தால் போதும். புட்டிக்குப் பதில் நம் வீட்டுச் சங்கு அல்லது பாலாடையில் ஊட்டுங்கள். கழுவுவது சுலபம், ரப்பர் இடுக்கில் கிருமி தங்கும் பயமும் இல்லை. மருத்துவ காரணத்தால் பவுடர் பால் கொடுத்தே ஆகவேண்டிய குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு டப்பாவில் எழுதிய அளவில் ஒரு கரண்டிகூடக் குறைக்காதீர்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால் வழி தேடலாம். பாலில் தண்ணீர் கூடினால் குழந்தையின் மூளைக்கும் எலும்புக்கும் போக வேண்டியதுதான் குறைகிறது.

அந்தத் தேனிப் பெண்ணை ஏன் இரண்டாம் மாதமே வேலைக்குப் போனாய் என்று கேட்டேன். லீவு போட்டால் சம்பளம் இல்லை என்று சூப்பர்வைசர் சொன்னாராம். அவள் பர்ஸிலிருந்த சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தது! மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் லீவும், அந்த நாட்களுக்கு முழுச் சராசரிச் சம்பளமும் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். அதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பிவிட்ட நாட்களுக்கு அந்தப் பணம் வராது. அவள் இழந்த தொகையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவளிடம் சொல்லவில்லை. இதைப் படிப்பவர் வீட்டில் மாசமாக இருக்கும் பெண் கம்பெனிக்குப் போகிறாள் என்றால், இன்றைக்கே சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் அப்படித்தான், தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். ஏழைக் குடும்பத்துத் தாய்க்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி. அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள், மீதி தவணை தவணையாக வங்கிக் கணக்கில். இதற்குக் கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். சொந்த ஊர் வேறு என்பதால் இங்கே பதிய முடியாது என்று நினைத்துக் காலம் கடத்துகிறவர்கள் நிறைய. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதியலாம். அங்கே தரும் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. பெயரை ஒரு வருடத்துக்குள் சேர்த்தாலும் கட்டணம் கிடையாது. ஜாதகம் பார்த்துப் பெயர் வைக்கத் தாமதமானால் பரவாயில்லை, அந்த ஒரு வருடத்தை மட்டும் தாண்டவிடாதீர்கள்.

தடுப்பூசி பற்றி, தனியாக கிளினிக் வைத்திருக்கும் நானே இதைச் சொல்கிறேன்: அரசு போடும் தடுப்பூசி மட்டமானது என்ற எண்ணத்தை விடுங்கள். காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ, ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட், வயிற்றுப்போக்குக்கான ரோட்டா, நிமோனியாவுக்கான பி.சி.வி., தட்டம்மை ரூபெல்லா எல்லாம் அங்கே இலவசம். வெளியில் ஆறாவது வாரத் தவணைக்கு மட்டுமே பல ஆயிரம் ரூபாய் ஆகும். "வலியில்லாத ஊசி" என்று கேட்டு வருகிறார்கள். அதில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது உண்மை. ஆனால் இலவச ஊசியும் நோயிலிருந்து நன்றாகவே காக்கும். ஒரு நாள் காய்ச்சலுக்குப் பயந்து, பணம் சேரட்டும் என்று தவணையைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. அரசு அட்டவணையை ஒரு தவணை விடாமல் முடியுங்கள். அதற்கு மேலான ஊசிகள் வசதியைப் பொறுத்தவை, கடன் வாங்கிப் போட வேண்டாம். புதன்கிழமை ஊசி நாள். அரை நாள் கூலி போகும், அதற்காக விட்டுவிடாதீர்கள். தாய் வீட்டில் பிரசவம் முடிந்து வரும்போது ஊசி அட்டையை அங்கேயே வைத்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. அட்டையைப் போட்டோ எடுத்து அப்பா, அம்மா இருவர் போனிலும் வையுங்கள்.

வீட்டை ஒழுங்கு பண்ணுவது என்றால் ரேக்கும் கூடையும் வாங்குவது என்று நினைக்கிறோம். ஒரே அறை உள்ள வீட்டில் ஒரு மூலை போதும். ஒரு பிளாஸ்டிக் கூடையில் துணி, ஒரு மூடி போட்ட டப்பாவில் மருந்து, சுவரில் ஒரு ஆணியில் நோட்டு. பிறந்த குழந்தைக்கான ஜப்லா ஆறுக்கு மேல் வேண்டாம், இரண்டு மாதத்தில் சின்னதாகிவிடும். டயப்பர் ஒன்று 10 ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு ஆறு என்றால் மாதம் 1,800 ரூபாய். இரவுக்கு ஒன்று மட்டும் என்றால் 300. நம் ஊரில் இதற்கு நல்ல மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: காதர்பேட்டையில் காட்டன் பனியன் துணி மலிவாகக் கிடைக்கும். சாயம் போகாத வெள்ளையாகப் பார்த்து வாங்கி, வெந்நீரில் அலசி, இருபது, இருபத்தைந்து துண்டு வெட்டிக்கொண்டால் ஒரு வருடம் ஓடும். வெயிலில் காய்ந்தால் போதும், வாசனைத் திரவம் எதுவும் சேர்க்க வேண்டாம்.

துணி பற்றி இன்னொன்று. அக்கா குழந்தையின் பழைய துணியை வாங்கிப் போடுவது நல்ல பழக்கம், ஆனால் அது பீரோவில் பாச்சை உருண்டையோடு இருந்திருந்தால் நேராக எடுத்துப் போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று வெளியே தெரியாது. துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, வாடை முழுக்கப் போன பிறகு போடுங்கள். அந்த உருண்டையைக் குழந்தை இருக்கும் வீட்டிலேயே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

வாக்கர் வாங்காதீர்கள். நடை சீக்கிரம் வராது, படியிலும் அடுப்படியிலும் விபத்துதான் வரும். கனடாவில் 2004இலிருந்து அதை விற்பதற்கே தடை. முகப் பவுடர், கண் மை, சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய் நான்கும் வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்ததும் டின் உணவு வாங்க ஓடுகிறார்கள். வீட்டில் வடிக்கும் சோறே போதும், கொடுக்கும் முறைதான் முக்கியம். என் ஓ.பி.யில் எடை ஏறாத எட்டு மாதக் குழந்தைகளில் பலரும் பருப்புத் தண்ணீரும் ரசம் சாதமும் சாப்பிடுகிறவர்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் சத்து இல்லை, அடியில் இருக்கும் பருப்பில் இருக்கிறது. சோற்றையும் பருப்பையும் குழைய மசித்து, ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டு, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் ஊட்டுங்கள். முதலில் நாளைக்கு இரண்டு, மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு மூன்று, நாலு வேளை. கேழ்வரகுக் கூழ், இட்லி, வாழைப்பழம், வேகவைத்த முட்டை எல்லாம் கொடுக்கலாம். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்காதீர்கள், தேன் தொட்டு வைக்காதீர்கள், பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்காதீர்கள். அங்கன்வாடியில் பெயர் பதிந்தால் சத்துமாவு தருவார்கள், மாதாமாதம் எடையும் பார்ப்பார்கள். இரும்புச் சத்து சிரப் கிராம சுகாதார செவிலியரிடம் இலவசமாகக் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

சுவரில் தொங்கும் அந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் எழுத வேண்டியது மூன்று: மாதாமாதம் எடை, அடுத்த ஊசி தேதி, குழந்தைக்காக வாங்கியதும் விலையும். இதை அப்பா எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். எழுதுகிறவருக்குத்தான் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும். ராத்திரி துணி மாற்றுவது, காலையில் அலசிப் போடுவது இரண்டும் அவர் வேலையாக இருக்கட்டும். தாய் இரவில் நாலு மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்க வேண்டும்; தூக்கமில்லாத தாய்க்குப் பாலும் சரியாக இறங்காது, மனமும் சோர்ந்துவிடும்.

அந்தத் தேனித் தம்பதிக்கு அன்று மருந்து எதுவும் எழுதவில்லை. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை மார்பில் போடச் சொன்னேன், அப்போதுதான் பால் ஊறும். பால் ஊறும்வரை பவுடர் முழு அளவில், நாலு கரண்டி. மனைவியின் ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாகக் குறைத்து, கணவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குழந்தையைக் கம்பெனி வாசலுக்குத் தூக்கிப் போனார். வாரா வாரம் எடை பார்த்தோம். ஏழு வாரத்தில் பவுடர் பால் இரவில் ஒரு வேளையாகக் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. குழந்தை 6.1 கிலோ வந்துவிட்டான்.

மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தை உண்டியலிலோ அஞ்சலகக் கணக்கிலோ தனியாக வையுங்கள், ஏனென்றால் சில நேரங்களில் சனிக்கிழமைச் சம்பளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, மூச்சு வாங்கும்போது நெஞ்சுக்கூடு உள்ளே குழிவது, வலிப்பு, துவண்டு கிடப்பது, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள். இதில் எது இருந்தாலும் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே கிளம்புங்கள். ஆட்டோவுக்குக் காசு இல்லை என்றால் 108க்குப் போன் செய்யுங்கள், அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும்.