பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை

காது பரிசோதனைக்கு வருகிறவர்கள் பலர் "எனக்குக் காது கேட்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "காது நல்லாத்தான் கேட்குது, நாலு பேர் சேர்ந்து பேசினா மட்டும் ஒண்ணும் புரியல" என்பார்கள். கூட வந்த மனைவியோ மகனோ டிவி சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்வார்கள். இரைச்சலால் கெட்டுப்போகும் காது பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது.

மர அறுவை இயந்திரத்தின் பக்கத்திலேயே பல வருடம் வேலை பார்த்த ஒருவரின் ஆடியோகிராம் நினைவுக்கு வருகிறது. தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம் அது, கோடு கீழே போனால் அங்கே கேட்பு குறைவு. 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 2000 வரை கோடு இயல்பான அளவிலேயே போனது. 4000 ஹெர்ட்ஸில் சட்டென்று கீழே விழுந்து, 8000இல் மறுபடி கொஞ்சம் மேலே ஏறியது. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" வயதால் வரும் குறைபாட்டில் கோடு பொதுவாக இப்படி மேலே ஏறாது, சரிந்துகொண்டே போகும்.

உயிரெழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. க, ச, த, ப போன்ற மெல்லிய, சுருக்கமான ஒலிகளைப் பிரித்துக் காட்டும் தகவல் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அங்கே காது பழுதானால் கட்டு, பட்டு, தட்டு மூன்றும் ஒன்றுபோலவே விழும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், சொல் பிடிபடாது. வீட்டில் இருப்பவர்கள் "காதில் வாங்கவே மாட்டேங்கிறார்" என்று கோபப்படுவது இதனால்தான். அவரிடம் கத்திப் பேசிப் பெரிய பயனில்லை. முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

உள்காதில் நத்தைக்கூடு போன்ற காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலியின் அதிர்வை நரம்புக்குச் சேர்க்கிற வேலை இவற்றுடையது. பறவைகளுக்கு இந்தச் செல்கள் செத்தாலும் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது. மருந்து மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. காதுக்கருவி உதவும், ஆனால் போன செல்லைத் திருப்பித் தராது.

பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் சில மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் காது அடைத்ததுபோல இருக்கும், 'ஙொய்' என்று இரையும். மறுநாள் காலையில் சரியாகிவிடும். அதனால் நாமும் மறந்துவிடுகிறோம். ஆனால் 2009இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், இப்படிக் கேட்கும் திறன் முழுசாகத் திரும்பிய காதுகளிலும் மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிறைய அழிந்திருந்தன. வழக்கமான பரிசோதனையில் அது தெரியாது. ஆகவே காதுக்குள் கேட்கும் அந்த 'ஙொய்' ஓசையை நான் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளச் சொல்வேன், மறுநாள் போய்விட்டாலும் சரி.

எவ்வளவு சத்தம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலையிடங்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கில் 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். ஹெட்ஃபோனில் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75. கையில் மீட்டர் இல்லையா? கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தினால்தான் கேட்கும் என்றால், அந்த இடம் காதுக்கு ஆகாது.

ஹெட்ஃபோன் விஷயத்தில் நான் கவலைப்படுவது வீட்டை நினைத்தல்ல, பயணத்தை நினைத்துத்தான். வண்டி இரைச்சலை மிஞ்சுவதற்காக ஒலியை ஏற்றுகிறோம், இறங்கிய பிறகும் அது அப்படியே இருக்கிறது. வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வகை ஹெட்ஃபோன் இங்கே நிஜமாகவே உதவும், ஒலியை ஏற்றாமலே கேட்கலாம்.

இயந்திரங்களோடு வேலை செய்பவர்களுக்குக் காதடைப்பான் கொடுத்தாலும் பாதிப் பேர் அதைச் சரியாக வைப்பதில்லை. பஞ்சு உருட்டி வைப்பதால் பலன் மிகக் குறைவு. நுரை அடைப்பானை விரல்களால் மெல்லிசாக உருட்டிச் சுருக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலே, பின்பக்கமாக இழுங்கள். வளைந்த துவாரம் நேராகும். அப்போது உள்ளே தள்ளி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பிறகு உங்கள் குரலே உங்களுக்கு மந்தமாக, தலைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம், காதை முழுசாக மூடும் இயர்மஃப் போடுங்கள்.

இரைச்சலான வேலை என்றால் வருடத்துக்கு ஒரு முறை ஆடியோகிராம் எடுத்து, பழைய தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் மாற்றம் தெரியும்.

ஒன்றில் மட்டும் தாமதிக்காதீர்கள். வெடிச்சத்தத்துக்குப் பிறகோ காரணமே தெரியாமலோ ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அழுக்கு அடைத்திருக்கும் என்று நினைத்து எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காரணம் தெரியாத திடீர்க் கேட்பிழப்புக்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு, ஆனால் நாட்கள் கடக்கக் கடக்க அதன் பலன் குறைந்துகொண்டே போகும்.