அவரும் டாக்டர்தானே?

அந்தத் தடுப்பூசி அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நாலாக மடித்த வெள்ளை அட்டை. உள்ளே நீலப் பேனாவில் மூன்று தேதிகள், அவற்றுக்கு நேரே 'ஊசி 1', 'ஊசி 2', 'ஊசி 3'. அவ்வளவுதான். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை. மருந்தின் தொகுதி (பேட்ச்) எண் இல்லை. கிளினிக் முத்திரை இல்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுழி.

அட்டைக்குச் சொந்தக்காரன் மூன்றரை மாத ஷிட்சு நாய்க்குட்டி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் துண்டில் சுற்றிச் சிங்கப்பூரில் இருக்கும் என் கால்நடை கிளினிக்குக்குத் தூக்கி வந்தார்கள். ரத்தப்பேதி. இந்தத் தொழிலில் சில வருடம் இருந்தவர்களுக்கு அந்த வாடையே போதும். என் உதவியாளர் கேட்காமலே சோதனைக் கிட்டை எடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் தெரிந்தது, பார்வோ. குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லும் வைரஸ்.

"மூணு ஊசியும் போட்டாச்சே டாக்டர்" என்றார் அந்த வீட்டு அப்பா. யார் போட்டது என்று கேட்டேன்.

"ஒருத்தர் நம்ம புளோக்குக்கே வருவார். ஊர்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மாட்டு டாக்டரா இருந்தவராம். கிளினிக்ல கேக்கறதுல பாதிதான் வாங்குவார்."

இந்த வருடம் இது மூன்றாவது. முதல் குட்டிக்கு ஊசி போட்டது அதை விற்றவரே. இரண்டாவதற்கு முடி வெட்டிவிடும் பெண். மூன்று பேரும் நல்லவர்கள் என்றுதான் மூன்று குடும்பமும் சொன்னது.

நாலு நாள் தனி அறையில் வைத்துப் பார்த்தோம். நாலாவது இரவு குட்டி போய்விட்டது. மறுநாள் பில் கட்ட வந்த அப்பா, கண் சிவந்திருக்க, கவுன்டரில் நின்றபடியே கேட்டார்: "உங்க மேல கம்ப்ளெய்ன்ட் பண்ணணும்னா எங்க பண்ணணும்?" எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்ததைப் பறிகொடுத்தவர் கேட்கிற கேள்வி அது. ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "ஊசி போட்டவர் மேலயும் சேர்த்துக் குடுப்பீங்களா அண்ணே?" என்றேன். "சே, பாவம். அவரும் டாக்டர்தானே?" என்றார்.

அப்போதுதான் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் கால்நடை மருத்துவம் படிக்கக் கல்லூரி கிடையாது. தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடைத் தொழில்நுட்பப் பட்டயம் படிக்கலாம். எங்கள் கிளினிக்குகளைத் தாங்கிப் பிடிக்கும் உதவியாளர்கள் பலர் அங்கே படித்தவர்கள்தான். ஆனால் மருத்துவர் ஆக வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வர வேண்டும். அப்படிப் படித்து முடித்துக் கையில் பட்டத்தோடு சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய நாளில், சட்டப்படி நான் பக்கத்து வீட்டுப் பூனைக்கு ஓர் ஊசி போட முடியாது. உரிமம் கைக்கு வந்த பிறகுதான் முதல் நோயாளியைத் தொட்டேன். பட்டம் என்பது நான் படித்தேன் என்பதற்குச் சாட்சி. நான் தப்புச் செய்தால் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்வது உரிமம். நம் ஆட்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. எத்தனை தடவை சொன்னாலும் "ஆனா அவர் படிச்சவர்தானே" என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறார்கள்.

சரி, அந்த மனிதர் ஊரில் உண்மையிலேயே மருத்துவராக இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரியில் படித்தவராகக்கூட இருக்கட்டும். அங்கே படித்தவர்கள் கைநேர்த்தி எனக்கு நன்றாகத் தெரியும், குறை சொல்ல வாயே வராது. அவர் பெயர் அங்கே மாநில மன்றத்தின் பதிவேட்டில் இருக்கலாம். இந்தியாவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் கால்நடை மருத்துவ மன்றம் இருக்கிறது. மலேசியாவுக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் ஒரு மன்றமும் உண்டு. இவற்றில் எதன் அதிகாரமும் மலேசியாவையும் நம்மையும் இணைக்கும் காஸ்வேயைத் தாண்டி உங்கள் புளோக்குக்குக் கீழே வராது. உங்கள் குட்டிக்கு இங்கே ஏதாவது ஆனால், சென்னையில் இருக்கிற மன்றம் வந்து விசாரிக்கப் போவதில்லை. அவர் போனை எடுக்காவிட்டால் கதை அத்தோடு முடிந்தது. டாக்ஸி ஓட்டுகிறவருக்கே இங்கே தனி உரிமம் வேண்டும். ஊரில் இருபது வருடம் லாரி ஓட்டினேன் என்றால் விடுவார்களா?

இங்கே அந்த அதிகாரம் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையிடம் இருக்கிறது. நாம் எல்லாரும் ஏவிஎஸ் என்போம். பழைய ஆட்கள் இன்னும் 'ஏவிஏ' என்பார்கள், முன்பிருந்த ஆணையத்தின் பெயர். அது 2019 ஏப்ரலில் கலைந்து, உணவு விவகாரம் ஒரு பக்கமும் விலங்கு விவகாரம் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டது. விலங்குகள், பறவைகள் சட்டப்படி மருத்துவருக்கும் உரிமம் வேண்டும், கிளினிக்குக்கும் உரிமம் வேண்டும். எங்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. மீறினால் எச்சரிக்கை வரும், உரிமத்தை நிறுத்திவைப்பார்கள், ரத்தும் செய்யலாம். எங்கள் தொழிலுக்கென்றே தனிச் சட்டம், தனி மன்றம் என்ற முயற்சியும் அரசு பக்கத்தில் உண்டு. ரொம்ப நாளாக எதிர்பார்த்தது, என்னைக் கேட்டால். எங்களைத் தட்டிக்கேட்க எங்கள் வேலை தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பது எங்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

புளோக்குக்கு வருகிறவருக்கு இதில் எதுவும் கிடையாது. ரத்து செய்ய அவரிடம் உரிமமே இல்லையே!

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தோள்பையில் வைத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் முழுக்க நடந்தால் அது என்ன ஆகியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முறையாகப் போட்டிருந்தால் அந்தக் குட்டிக்குப் பார்வோ வந்தே இருக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். தாய்ப்பாலில் வரும் எதிர்ப்பு சில குட்டிகளில் ஊசியை வேலை செய்ய விடாது. அதனால்தான் 16 வாரம் தாண்டியும் ஒரு ஊசி என்கிறோம். ஆனால் என்ன மருந்து போனது, எந்தத் தொகுதி, எப்போது என்பதாவது எனக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சுழியை வைத்துக்கொண்டு நான் யாரைக் கேட்பது?

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை. 1953-லிருந்து இந்தத் தீவில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. அது தானாக நடந்ததாக நினைக்கிறோம். சந்தேகப்படும்படி ஒரு நாய் வந்தால் உடனே ஏவிஎஸ்ஸுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. பையில் ஊசி வைத்திருப்பவர் எப்படிச் சொல்வார்? சொன்னால் முதலில் மாட்டிக்கொள்வது அவர்தான். இந்த நோய்ப் பயத்தால்தான், பக்கத்து மலேசியாவின் ஜொகூரில் சல்லிசு என்று குட்டியைக் கார் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சமும் இரக்கம் கிடையாது. 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை. தெரிந்துதான் செய்கிறார்கள்.

இனி அந்த அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கே புகார் செய்வது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சுகாதார அமைச்சுக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். சுகாதார அமைச்சும் சிங்கப்பூர் மருத்துவ மன்றமும் மனிதர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கானவை. மருத்துவர் அசட்டையாக இருந்தார், சொல்லாமல் ஏதோ செய்தார், பதிவேட்டை மாற்றினார் என்றால் ஏவிஎஸ். சிங்கப்பூர்க் கால்நடை மருத்துவர் சங்கம் எங்கள் தொழில்முறைச் சங்கம், நானும் அதில் இருக்கிறேன். ஆனால் அந்தச் சங்கத்தால் யார் உரிமத்தையும் பறிக்க முடியாது. பணத் தகராறு என்றால் ஏவிஎஸ் உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. எங்கள் கட்டணத்துக்கு உச்சவரம்பும் கிடையாது. பணத் தகராறுக்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. ஒத்துவரவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை, இரண்டு வருடத்துக்குள். வக்கீல் வேண்டாம்.

புகார் கொடுக்கும்போது தயவுசெய்து 'கொலைகாரன்' என்று ஆரம்பிக்காதீர்கள். விலங்கு இறந்துவிட்டது என்பதே மருத்துவரின் தப்புக்கு ஆதாரம் ஆகாது. தேதி, என்ன சொன்னார்கள், நீங்கள் எதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டீர்கள், ரசீது, சிகிச்சைப் பதிவின் நகல். இவ்வளவும் இருந்தால் ஒரு பக்கம் போதும். பேஸ்புக்கில் முந்நூறு பேர் அழும் முகம் போட்டால் விசாரணை நடக்காது.

ஊசிக்கு முன்னால் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். ஏவிஎஸ் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற கிளினிக்குகளின் பட்டியல் இருக்கிறது, பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவர்கள் எல்லாரும் போலி இல்லை. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். முறையானவர் கோபப்பட மாட்டார், நான் பட்டதில்லை. குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள். ரசீது தர மாட்டேன் என்கிறவரிடம் குட்டியைக் கொடுக்காதீர்கள். பூனை வளர்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2024 செப்டம்பரிலிருந்து வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பூனை வளர்க்க அனுமதி வந்துவிட்டது. உரிமம், மைக்ரோசிப் என்று புதிதாக அலைபவர்களைக் குறிவைத்து 'மலிவு' ஆட்கள் கிளம்பாமல் இருக்க மாட்டார்கள்.

கையில் காசு இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. எதை முதலில் செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று உட்கார்ந்து பேசலாம். அந்த அப்பா ஊசிக்கு மிச்சப்படுத்தியது நூறு வெள்ளிகூட இருக்காது.

போன வாரம் அவர் மகள் கிளினிக்குக்கு வந்தாள். பள்ளிச் சீருடையில், தனியாக. அந்த அட்டை வேண்டும் என்றாள். ஏவிஎஸ்ஸுக்கு ஆன்லைனில் எழுதியிருக்கிறாளாம், ஆதாரம் இருந்தால் அனுப்பச் சொன்னார்களாம். "அப்பாவுக்குத் தெரியாது டாக்டர்" என்றாள். முதலில் அம்மாவிடமாவது சொல்லச் சொன்னேன். தலையாட்டினாள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக் கொடுத்தேன்.