ஆட்சேபணை: மறுப்புரை என்பதே பொருத்தம்

நில எடுப்பு அறிவிப்பு எதைப் பிரித்தாலும் அடியில் ஒரு வரி இருக்கும்: ஆட்சேபணை இருப்பின் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஊர்ப் பேச்சில் இது ‘அப்ஜெக்‌ஷன்’, “அப்ஜெக்‌ஷன் போட்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள். அந்த மனுவில் என்ன எழுத வேண்டும் என்பதை இரண்டு சொற்களுமே சொல்வதில்லை. வேரையும் தமிழையும் பார்த்தால் அது தெளிவாகும்.

ஆட்சேபணை வடசொல். ‘க்ஷிப்’ என்ற வினைக்கு எறிதல், வீசுதல் என்று பொருள். ‘ஆ’ என்ற முன்னொட்டுச் சேர்ந்து, ஒன்றை நோக்கி எறிதல் என்றாகி, பின் ஒரு கூற்றின்மேல் எறியப்படும் குறையைச் சுட்டியது. பழைய கிரயப் பத்திரங்களில் ‘நிதி நிக்ஷேபம்’ என்று வருமே, அந்த நிக்ஷேபமும் (உள்ளே இட்டு வைத்தது) இதே வேர்தான். க்ஷகரம் தமிழில் ட்ச ஆகிறது. ஆகவே ‘ஆட்சி’க்கும் ஆட்சேபணைக்கும் உறவில்லை, ‘ஆட்சி’ ‘ஆள்’ என்ற தமிழ் வேரில் பிறந்தது. நாளிதழ்கள் ‘ஆட்சேபனை’ என்றும் எழுதுகின்றன. மூலத்தில் உள்ளது ணகரம் என்பதால் ‘ஆட்சேபணை’யே சரி.

இந்தச் சொல்லைத் தமிழர் முன்பே ஒருமுறை மொழிபெயர்த்திருக்கிறார்கள். வடமொழி அணியிலக்கணத்தில் ‘ஆக்ஷேபம்’ என்றோர் அணி உண்டு. தமிழ் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அதை முன்னவிலக்கு என்று தமிழாக்கி, குறிப்பினால் மறுப்பது என்று விளக்கியது. நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் (அதாவது, கருத்து நிலைகளில்) முதலாவது உடன்படல், இரண்டாவது மறுத்தல். உரையாசிரியர்கள் ஒரு கருத்துக்கு எழும் எதிர்வாதத்தைத் தடை என்றும் அதற்குரிய பதிலை விடை என்றும் வழங்கினார்கள். விலக்கு, தடை, மறுப்பு என மூன்று சொற்கள் கையில் இருக்கின்றன.

‘தடை’ இன்றும் அலுவலகத்தில் உயிரோடு இருக்கிறது: தடையில்லாச் சான்று. ஆனால் தனித்து நின்றால் அது இன்று தடுப்பதையும் தடை விதிப்பதையும்தான் குறிக்கிறது. “திட்டத்துக்குத் தடை தெரிவிக்கிறேன்” என்று குடிமகன் எழுத முடியாது. ‘விலக்கு’ வரிவிலக்கு, மதுவிலக்கு என்று வேறு பக்கம் போய்விட்டது. ‘எதிர்ப்பு’ நல்ல சொல். ஆனால் அது உண்ணாநோன்புக்கும் கறுப்புக்கொடிக்கும் ஊர்வலத்துக்கும் உரியது. காரணம் காட்டி எழுதித் தருவது மறுப்புரை. சிலர் ‘மறுப்பு’ போதும் என்பார்கள். நாளிதழில் ‘அமைச்சர் மறுப்பு’ என்றால் செய்தியே பொய் என்று பொருள். அந்தக் குழப்பம் வேண்டாம். ‘உரை’ என்ற பின்பாதி, காரணம் சொல்லியாக வேண்டும் என்பதை நினைவூட்டுகிறது. இந்தச் சொல்லின் பயன் அதில்தான் இருக்கிறது.

1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் பிறந்தபோது மறுக்கும் உரிமையே அதில் இல்லை. 1923-இல் 5அ என்ற பிரிவு சேர்க்கப்பட்ட பிறகுதான் 30 நாளுக்குள் எழுதித் தரலாம் என்றானது. அவசரம் என்று சொல்லி 17-ஆம் பிரிவின்கீழ், மறுப்பைக் கேட்கும் அந்த விசாரணையையே நீக்கிவிடவும் அரசால் முடிந்தது. பல பத்தாண்டுகள் அப்படித்தான் நடந்தது. 2014 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்த 2013-ஆம் ஆண்டின் புதிய நில எடுப்புச் சட்டம் அவசரக் காரணங்களை நாட்டுப் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர் முதலியவையாகச் சுருக்கியது. 15-ஆம் பிரிவில் காலம் 60 நாள் ஆயிற்று.

அந்தப் பிரிவு மறுப்பதற்கு மூன்று பொருள்களை எண்ணிச் சொல்கிறது: எடுக்கப்படும் நிலத்தின் பரப்பும் பொருத்தமும், பொதுநோக்கம் என்பதற்குக் காட்டப்படும் நியாயம், சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் (திட்டம் மக்களை எப்படிப் பாதிக்கும் என்று கணிக்கும் அறிக்கையின்) முடிவுகள். “எங்கள் நிலத்தைத் தர மாட்டோம்” என்று மட்டும் எழுதிய மனு இந்த மூன்றில் எதையும் தொடாததால் ஒரே வரியில் தள்ளப்படுகிறது. “இந்தப் புல எண்ணில் ஏரிப் பாசனத்தில் இருபோகம் விளைகிறது; இதே நோக்கத்துக்குத் தரிசு நிலம் இன்ன இடத்தில் இருக்கிறது; அறிக்கை இந்த வாய்க்காலைக் கணக்கில் எடுக்கவில்லை” என்று எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஆட்சியர் தம் அறிக்கையில் பதில் சொல்ல வேண்டி வரும். பிறகு நீதிமன்றம் போனாலும் கையில் நிற்பது இந்தத் தாள்தான். பழைய 5அ விசாரணை வெறும் சடங்கன்று, மனத்தைச் செலுத்திக் கேட்க வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் ஒருமுறைக்கு மேல் சொல்லியிருக்கிறது.

மறுப்புரை சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் சிறியவை. புல எண்ணை மட்டும் எழுதி உட்பிரிவு எண்ணை விடுவது ஒன்று. பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும்போது வாரிசு என்பதற்கு ஆவணம் இணைக்காமல் விடுவது இன்னொன்று. ஒரே அச்சுப் படிவத்தில் ஊரே கையெழுத்திட்டால் ஒரே பதிலால் எல்லாம் முடிக்கப்படும். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கே உரிய காரணம் வேண்டும். இழப்பீடு போதவில்லை என்ற வரியை இதில் சேர்ப்பது பெரிய பிழை: நிலம் தரச் சம்மதம், விலைதான் சிக்கல் என்று படிக்க இடம் கொடுத்துவிடும். இழப்பீட்டுக் கோரிக்கைக்கு 21-ஆம் பிரிவு அறிவிப்பு தனியே வரும். நேரில் கேட்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையையும் மறுப்புரையிலேயே எழுதிவிட வேண்டும். கொடுத்ததற்கு நாளிட்ட ஒப்புகை இல்லையென்றால் கொடுக்காததற்குச் சமம்.

நில உரிமையாளர் மட்டுமே மறுக்கலாம் என்ற எண்ணமும் தவறு. 2013 சட்டத்தின் பொருள்வரையறையில், முதன்மை வாழ்வாதாரம் பாதிக்கப்படுபவரும் ‘அக்கறையுள்ளவர்’ ஆகிறார். பட்டா இல்லாத குத்தகைதாரரும் கூலித் தொழிலாளியும் அந்த வழியில் எழுதலாம்.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் பாதுகாப்பில் பெரிய ஓட்டை உண்டு. மாநிலத் திருத்தமான 105அ பிரிவு, 1978-ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத்திட்ட நில எடுப்புச் சட்டம், 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம், 2001-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் ஆகிய மூன்றையும் மத்தியச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. இழப்பீட்டு விதிகள் பொருந்தும். சமூகத் தாக்க மதிப்பீடும், குறித்த விழுக்காட்டினரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற விதியும் கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 சூலையில் அந்த விலக்கை ஏற்க மறுத்து, மூன்று சட்டங்களும் செல்லாதவை ஆகிவிட்டன என்றது. அதே ஆண்டு மாநில அரசு புதுச் சட்டத்தால் மூன்றையும் உயிர்ப்பித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்குப் பல ஊர்களின் நிலம் எடுக்கப்படுவது 1997 சட்டத்தின்கீழ்தான். அவற்றுள் ஒன்றான, 2022 முதல் போராடிவரும் ஏகனாபுரத்தாருக்கு அங்கே கிடைப்பது, ‘ஏன் எடுக்கக் கூடாது’ என்று காரணம் கேட்கும் 3(2) அறிவிப்பு. மறுக்கச் சமூகத் தாக்க அறிக்கையே இல்லாத இடத்தில் மறுப்புரை பாதி நாக்கோடு பேசுகிறது. சட்டம் நியாயமற்றது என்று அவர்கள் சொல்வது இதனால்தான், அது சரியான சொல்லும்கூட.

நகரத்துக்குள் நிலைமை வேறு. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கூட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பெயர். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், பேசியவை உள்ளூர் மொழியில் எழுதப்பட்டு அங்கேயே படிக்கப்பட வேண்டும். அடுக்குமாடி, நகரியம் போன்ற கட்டுமானத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டமே தேவையில்லை என்று அதே அறிவிக்கை விலக்குத் தருகிறது. சதுப்பை ஒட்டி எழும் கட்டடத்தை அண்டை வீட்டார் மறுக்க எஞ்சுவது, நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்காக நாளிதழின் உள்பக்கத்தில் வரும் சிறு விளம்பரம். காலக்கெடு அதிலேயே இருக்கும். அன்றைய தாளை எடுத்து வைக்க வேண்டும்.

இறுதியாக ஒரு கூட்டுச்சொல்: ‘ஆட்சேபகரமற்ற புறம்போக்கு’. இங்கே மறுப்பது குடிமகன் அல்ல, அரசு. நீர்நிலை, வாய்க்கால், சாலை போன்றவற்றில் குடியிருப்பதை அரசு மறுக்கும். மற்றவற்றில் பட்டா தரலாம். மறுப்புரையை இங்கே வைக்க முடியாது, ஏனென்றால் உரையே இல்லை, வகைப்பாடு மட்டுமே. ‘குடியமர்வுக்கு விலக்கான புறம்போக்கு’, ‘குடியமர்வுக்கு ஏற்ற புறம்போக்கு’ என்று பிரித்து எழுதினால், தண்டியலங்காரத்தின் பழைய ‘விலக்கு’ தன் இடத்தில் வந்து உட்காரும். வீட்டை இடிக்க வரும் தாளையும் நிலத்தை எடுக்க வரும் தாளையும் படிப்பவர் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள மாட்டார்.