பத்தாம் வகுப்பு பாஸானால் கணக்கில் காணோம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம் ஒரு வீட்டில், வெளிநாடு போனவர்களைக் கணக்கெடுக்க வந்தவர், "வீட்டில எத்தனை பேர்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். "நாலு பேரு" என்கிறார் அம்மா. பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போயிருக்கும் மூத்த மகன் அந்த நாலில் சேர்த்தியா? அம்மா சேர்த்துத்தான் சொல்லியிருப்பார். அதனால் இன்னொரு கேள்வியும் வேண்டும்: "இந்த வீட்டிலிருந்து போய் இப்போ வெளிநாட்டில் இருப்பவர் யாராவது உண்டா?"

பாஸ்போர்ட்டும் விசாவும் இருக்க, வீடு வீடாகக் கேட்பானேன் என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு முடிக்காதவர் சவுதி, கத்தார் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் பொதுவாக அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிகளை எண்ணித்தான், வெளிநாட்டு வேலைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று ஆண்டுதோறும் கணக்குச் சொல்கிறார்கள். பத்து பாஸானவர் அந்த வாசல் பக்கமே போக வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் கன்னியாகுமரிக்கு, சுமார் 92 சதவீதம். பிள்ளைகள் படிக்கப் படிக்க, இந்தக் கணக்கில் மாவட்டம் சிறுத்துக்கொண்டே போகும்!

இந்த ஓட்டையை அடைக்கத்தான் வீட்டுக் கணக்கெடுப்பு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளம் 1998-லேயே தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பவும் எடுக்கிறது. போகிறவர் கூடுகிறாரா, திரும்பி வருகிறவர் கூடுகிறாரா என்பது அப்படி எடுத்தால்தான் தெரியும். திரும்பி வருகிறவருக்குக் கடன் திட்டம் போடுவதா, போகிறவருக்குப் பயிற்சி கொடுப்பதா என்று முடிவெடுக்க அது வேண்டும். தமிழ்நாடு 2015-இல் 20,000 வீடுகளில் கேட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 1.85 கோடி வீடுகள். அதாவது 900 சொச்சம் வீட்டுக்காக ஒரு வீடு பதில் சொல்கிறது. அதைப் பெருக்கி வந்த விடை, சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில்.

சரி, இதில் யார் விடுபடுகிறார்கள்? குடும்பத்தோடு போனவர்கள். பூட்டிய வீடு பதில் சொல்லாது. அப்புறம், சின்னக் கூட்டங்கள். 20,000 வீடுகளை அன்றைய 32 மாவட்டங்களுக்கும் சமமாகப் பிரித்தாலும் ஒன்றுக்கு 625 வீடுதான். அதில் கடற்கரை வீடு எத்தனை, ஈரானுக்கு ஆள் அனுப்பிய வீடு எத்தனை? ஒன்றிரண்டு வந்தாலே அதிகம். அந்த 18 நாடுகளிலும் ஈரான் இல்லை. ஆக அனுமதிக் கணக்கிலும் வராமல், வீட்டுக் கணக்கிலும் சரியாகச் சிக்காமல் போனவர்கள்தான், கொரோனா காலத்தில் அங்கே மாட்டிக்கொண்ட நம் மீனவர்கள். 2020 ஜூலை 1 அன்று ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் ஈரானிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியபோதுதான், அங்கே இத்தனை பேரா என்று பலருக்கும் உறைத்தது.