போட்டித்தன்மைப் பகுப்பாய்வு அல்ல, போட்டிநிலை ஆய்வு

‘பிராந்திய சுற்றுச்சூழல் ஆலோசனை தொழிற்துறையின் போட்டித்தன்மை பகுப்பாய்வு.’ மொழிபெயர்ப்பு அறிக்கைகளில் இந்த வகைத் தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஆறு சொற்களில் ‘சுற்றுச்சூழல்’ ஒன்றுதான் குறையில்லாமல் நிற்கிறது. மற்றவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் திருத்த வேண்டியது ‘போட்டித்தன்மை’.

தலைப்பின் கடைசி இரு சொற்கள் ஆங்கிலக் ‘காம்பெட்டிட்டிவ் அனாலிசிஸ்’ என்பதன் மொழிபெயர்ப்பு. காம்பெட்டிட்டிவ் என்பதன் வேர் இலத்தீன் காம்பெட்டெரே: ஒன்றை ஒருசேர நாடுதல். அனாலிசிஸ் கிரேக்கச் சொல், கட்டவிழ்த்தல் என்று பொருள். நம்முடைய ‘போட்டி’க்குத் தெலுங்கில் போட்டி, கன்னடத்தில் பைப்போட்டி என உறவுகள் உண்டு. ‘ஆய்தல்’ பழஞ்சொல். தொல்காப்பிய உரியியல் அதை ‘உள்ளதன் நுணுக்கம்’ என்ற பொருளில் வைக்கிறது. வேர்க்கதை இவ்வளவு போதும். சிக்கல் வேரில் இல்லை, ‘தன்மை’ என்ற ஒட்டில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் காம்பெட்டிட்டிவ் என்ற ஒரே அடைமொழி மூன்று வேலை செய்கிறது. தேர்வுக்கு முன்னால் வந்தால் போட்டியிட்டு எழுதும் தேர்வு. தமிழில் ‘போட்டித் தேர்வு’ என்று அழகாகச் சொல்லிவிட்டோம். விலைக்கு முன்னால் வந்தால் மற்றவர் விலைக்கு ஈடான விலை. அனாலிசிஸுக்கு முன்னால் வரும்போது போட்டி என்பது அந்த ஆய்வின் பண்பு அல்ல, அது ஆராயும் பொருள். இந்த வேறுபாட்டைப் பார்க்காதவர்கள்தாம் அடைமொழியைக் கண்டதும் ‘தன்மை’யை ஒட்டிவிடுகிறார்கள். ‘போட்டித்தன்மை வாய்ந்த பகுப்பாய்வு’ என்று எழுதுவோரும் உண்டு. அந்தப் பகுப்பாய்வு யாரோடு போட்டியிடுகிறது?

‘போட்டித்தன்மை’ என்று தமிழில் படிப்பவருக்குத் தோன்றுவது, ஒரு நிறுவனம் களத்தில் நிற்கும் திறன். தலைப்பு அப்படி இருந்தால் உள்ளடக்கமும் அந்தப் பக்கம் சாய்கிறது. தன் நிறுவனத்தின் வலிமை, குறை, மதிப்பெண் என்று ஓர் அட்டவணை போட்டு முடித்துவிடுகிறார்கள். இத்துறையின் உண்மையான போட்டி அந்த அட்டவணைக்கு வெளியே கிடக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை ஒரு கட்டுமானப் பொறியியல் நிறுவனம் தன் பெரிய ஒப்பந்தத்துக்குள் சேர்த்தே முடித்துக் கொடுக்கும். நில மாசு ஆய்வைப் பல்கலைக்கழகத் துறையொன்று செய்யும். பெரிய ஆலை தனக்கென ஒரு சூழல் பிரிவு வைத்துக்கொண்டு, மாதாந்தரக் கண்காணிப்பை வெளியே கொடுப்பதையே நிறுத்திவிடும். இவர்கள் யாரும் ‘ஆலோசனை நிறுவனம்’ என்ற பெயர்ப்பலகையோடு வருவதில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான சொல் ‘போட்டியாளர் பகுப்பாய்வு’. ஆராயும் பொருள் எது என்பதை அது சரியாகக் காட்டுகிறது. இரண்டு மூன்று நிறுவனங்களைப் பெயர் சொல்லி ஒப்பிடும் அறிக்கைக்கு அதுவே பொருந்தும். ஒரு துறை முழுவதையும் எடுத்துக்கொண்டால் போதாது. ஒரு துறையின் போட்டியைத் தீர்மானிப்பவை என்று மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1979இல் வகுத்த ஐந்து விசைகளில் இப்போதுள்ள போட்டியாளர்கள் ஒன்றே ஒன்று. புதிதாக நுழைவோர், வாங்குவோர் வலு, வழங்குவோர் வலு, மாற்றுச் சேவை என்று இன்னும் நான்கு இருக்கின்றன. அரசு ஒப்பந்தப்புள்ளியில் மிகக் குறைந்த விலைக்கே வேலை போகிறதென்றால், அங்கே போட்டியைத் தீர்மானிப்பவர் வாங்குபவர். அவரைப் ‘போட்டியாளர்’ என்ற தலைப்பின் கீழ் எப்படி எழுதுவது? ‘ஒப்பீட்டு ஆய்வு’ என்று எழுதுவோரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அது கம்பேரட்டிவ் என்ற வேறு சொல்லுக்கு உரியது.

தனித்தமிழ்ப் பற்றில் ‘போட்டி’யையே விலக்கி ‘இகல்’ என்பாரும் உண்டு. தூய்மைக்காகப் பொருளைப் பலியிடுவதை ஏற்க முடியாது. இகல் என்றால் பகை. குறளில் அப்பெயரில் ஓர் அதிகாரமே இருக்கிறது. முதல் குறளே அதை நோய் என்கிறது. இத்துறையில் இன்று எதிரெதிராக விலை கொடுத்த இரு நிறுவனங்கள் அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் கூட்டாக வரும். ஒன்று காற்று மாதிரியாக்கம் செய்யும், மற்றது உயிரினக் கணக்கெடுப்பு செய்யும். அது பகை அல்ல.

இனி ‘பகுப்பாய்வு’. பொதுவில் நல்ல சொல்தான். ஆனால் இந்தத் துறைக்குள் அது ஏற்கெனவே ஆய்வகத்துக்குப் போய்விட்டது. நீர்ப் பகுப்பாய்வு, மண் பகுப்பாய்வு என்பவை விலைப்பட்டியலில் தனித்தனி வரிகளாக வரும் சேவைகள். ‘பகுப்பாய்வில் போட்டி’ ஒரு பொருள், ‘போட்டிப் பகுப்பாய்வு’ வேறொரு பொருள் என்று ஒரே பக்கத்தில் படிப்பவரைத் தடுமாற வைப்பது ஏன்? ‘ஆய்வு’ என்றாலே போதும்.

ஆகவே ‘போட்டிநிலை ஆய்வு’. வானிலை ஆய்வு என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். நிதிநிலை அறிக்கையும் அப்படியே. ஒரு களம் இன்று எப்படி இருக்கிறது என்பதை ‘நிலை’ சொல்லும். அதில் வாங்குவோரும் வழங்குவோரும் மாற்றுச் சேவையும் அடங்குவர்.

அந்த நிலையை எண்ணாலும் சொல்லலாம். ஐந்து நிறுவனங்களின் சந்தைப் பங்கு 35, 25, 20, 12, 8 விழுக்காடு என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 2458. இது, சந்தை எவ்வளவு சில கைகளில் குவிந்திருக்கிறது என்று காட்டும் ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு. ஒரே நிறுவனம் முழுச் சந்தையையும் வைத்திருந்தால் 10,000 வரும். அமெரிக்காவின் 2023 நிறுவன இணைப்பு வழிகாட்டுதல்கள் 1800ஐத் தாண்டிய சந்தையைச் செறிவு மிகுந்தது என்கின்றன. வழக்கமாகத் தவறு நேர்வது பங்கைக் கணக்கிடும்போது. 100 அலகு மதிப்புள்ள வேலையில் 30 அலகு துணை ஒப்பந்தமாக ஆய்வகத்துக்குப் போகிறது. இருவரின் வருவாயையும் அப்படியே கூட்டினால் சந்தை 130 அலகாக ஊதிவிடும். 30ஐ ஒருமுறைதான் எண்ண வேண்டும்.

‘பிராந்திய’ வேண்டாம், ‘வட்டார’ என்றே எழுதலாம். அச்சொல்லில் வட்டம் காதில் விழுகிறது. இத்துறையின் எல்லையும் பெரும்பாலும் ஒரு வட்டந்தான். அமெரிக்க விதிப்படி, கழிவுநீரில் ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியாவைப் பார்க்க வேண்டுமென்றால் மாதிரி எடுத்த 8 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கியாக வேண்டும். கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜனின் அளவான உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு 48 மணி நேரம், அதுவும் மாதிரியின் வெப்பம் 6 பாகை செல்சியஸுக்கு மேற்போகாமல். ஆய்வகத்திலிருந்து வண்டி எவ்வளவு தூரம் போய்வர முடியும் என்பதே பல நிறுவனங்களுக்கு வட்டாரத்தின் எல்லை. நிர்வாக வரைபடத்தை மட்டும் வைத்து எல்லை போட்டால், பக்கத்து மாவட்ட ஆய்வகம் கணக்கில் வராமலே போகும்.

‘தொழிற்துறை’ பிழை. லகர ஈற்றின் முன் தகரம் வந்தால் ‘தொழிற்றுறை’ என்றாகும், அல்லது புணர்க்காமல் ‘தொழில்துறை’ என்று விடலாம். ற் அடுத்து த் நிற்பது தமிழில் இல்லை. ‘ஆலோசனை’ வடசொல் என்பதால் ‘மதியுரை’ என எழுதுவோர் எழுதட்டும், பொருள் கெடவில்லை. ஆனால் எதை எழுதினாலும் இடையில் வரும் ஒற்றெழுத்தை விழுங்கக் கூடாது: ஆலோசனைத் துறை, மதியுரைத் துறை.

அறிக்கைக்கு உள்ளே இன்னொரு பொறி இருக்கிறது. சந்தையைப் பற்றிய பகுதியில் ‘செறிவூட்டல் குறியீடு’ என்று எழுதியிருப்பார்கள். செறிவூட்டல் என்பது யுரேனியத்துக்குச் செய்வது. இங்கே வேண்டியது ‘செறிவு’. அதையும் தனியாக விடாமல் எப்போதும் ‘சந்தைச் செறிவு’ என்றே எழுத வேண்டும். ஏனென்றால் இரண்டு பக்கம் தள்ளி, நிலத்தடி நீரில் ஈயத்தின் செறிவு என்று அதே சொல் வேறு பொருளில் வரும்.