‘அட்வென்டிஸ்ட்’: வருகையா, வந்திருத்தலா?

‘செவன்த் டே அட்வென்டிஸ்ட்’ என்ற கிறிஸ்தவ சபையின் பெயரில் முன்பாதி எல்லோருக்கும் புரிந்துவிடும். ஏழாம் நாள், சனிக்கிழமை, ஓய்வுநாள். பின்பாதிதான் உதைக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை ‘அட்வெந்து’ என்கிறார்களே, அதை விசேஷமாகக் கொண்டாடுகிறவர்களோ என்று நினைக்கிறவர்கள் உண்டு. சொல் ஒன்றுதான். ஆனால் அந்த ஞாயிறுகள் கிறிஸ்துமஸை நோக்கிப் போகின்றன; அட்வென்டிஸ்ட் என்ற பெயரோ இன்னும் நடக்காத கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை நோக்கி நிற்கிறது.

லத்தீனில் ‘அட்’ என்றால் நோக்கி, ‘வெனிரே’ என்றால் வருதல். இரண்டும் சேர்ந்தது ‘அட்வென்டுஸ்’. ரோமாபுரியில் இது கோயில் சொல் அல்ல, அரசாங்கச் சொல். பேரரசர் ஒரு நகருக்குள் நுழையும் சடங்குக்கு இதுதான் பெயர், நாணயத்தில்கூடப் பொறித்தார்கள். பைபிளை லத்தீனில் பெயர்த்தவர்கள், கிரேக்க மூலத்தில் இருந்த ‘பரூசியா’வுக்கு இந்தச் சொல்லைப் போட்டார்கள். பரூசியாவின் நேர்ப்பொருள் ‘அருகில் இருத்தல்’. அரசர் விஜயத்துக்கும் அதுவே சொல். எகிப்தில் அந்த விஜயச் செலவுக்கென்று மக்களிடம் தனியாக வரி வசூலித்திருக்கிறார்கள். ‘அமைச்சர் வருகை’ என்ற போஸ்டரைப் பார்த்துப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

தமிழ்ச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். வா என்ற வேரிலிருந்து வரும் வருகை. பழைய தமிழ் பைபிளில் மத்தேயு 24-ல் சீஷர்கள் கேட்பதே ‘உம்முடைய வருகைக்கு’ என்ன அடையாளம் என்றுதான். கத்தோலிக்கர்கள் அந்த நான்கு வாரத்தைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். ‘வரவு’ ஒத்துவராது, நல்வரவு தவிர மற்ற இடங்களில் அது கணக்குப் புத்தகத்துக்குப் போய்விட்டது.

இனி, இந்தச் சொல் ஒரு கூட்டத்துக்குப் பெயரான கதை. நியூயார்க் மாநிலத்து லோ ஹாம்ப்டனில் வில்லியம் மில்லர் என்றொரு விவசாயி இருந்தார். பிரிட்டனோடு அமெரிக்கா நடத்திய 1812 போரில் கேப்டன், பின்னாளில் பாப்டிஸ்ட். பைபிளை வசனம் வசனமாகப் படித்து, 1818 வாக்கில் ஒரு முடிவுக்கு வந்தார்: இன்னும் சுமார் 25 வருஷத்தில் கிறிஸ்து வருவார். 1831-ல்தான் பிரசங்கிக்கத் தொடங்கினார். பாஸ்டனைச் சேர்ந்த ஜோஷுவா ஹைம்ஸ் 1840-ல் பத்திரிகை தொடங்கியதும் செய்தி ஊரெல்லாம் பரவியது. வெளியார் இவர்களை மில்லர்காரர்கள் என்றார்கள். வருகையை எதிர்பார்க்கிறவர்கள் என்ற பொருளில் அட்வென்டிஸ்ட் என்ற பெயரும் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது.

கணக்கு தானியேல் 8:14-லிருந்து புறப்படுகிறது: 2,300 இராப்பகல் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும். அந்த ஸ்தலம் இந்தப் பூமிதான், கிறிஸ்து வரும்போது அது சுத்திகரிக்கப்படும் என்று இவர்கள் பொருள் கொண்டார்கள். தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஒரு வருஷம் என்பது இவர்கள் கொண்ட விதி. ஆக, 2,300 வருஷம். எங்கிருந்து எண்ணுவது? அடுத்த அதிகாரத்தில் வரும் 70 வாரம், அதாவது 490 வருஷம், இந்த 2,300-லிருந்து வெட்டியெடுத்த முன்துண்டு என்றார்கள். அது எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளையோடு தொடங்குகிறது. பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் ஏழாம் ஆண்டு, கி.மு. 457. இரண்டாயிரத்து முந்நூறில் 457 போனால் 1843. சார்லஸ் ஃபிட்ச், அப்பல்லோஸ் ஹேல் இருவரும் 1842-ல் தயாரித்த பெரிய விளக்கப்படத்தில் தானியேல் புத்தகத்தில் வரும் சிலையும் மிருகங்களும் இருக்கும். பக்கத்தில் கூட்டல் கழித்தல்களெல்லாம் 1843-ல் போய் முடியும்.

தமிழ் பைபிளை வைத்துக்கொண்டு இதைப் பின்தொடர்ந்தால் இரண்டு இடத்தில் கால் தடுக்கும். ஒன்று, ‘இராப்பகல்’. எபிரெயத்தில் ‘மாலை-காலை’ என்று இருப்பதை ஆங்கிலத்தின் பழைய பதிப்பு ‘நாட்கள்’ என்று தட்டையாக்கிவிட்டது. தமிழ், ஜோடியை விடவில்லை. மாலைப் பலி, காலைப் பலி என்று தனித்தனியாக எண்ணினால் 1,150 நாள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி எழ ‘இராப்பகல்’ இடம் தருகிறது. இரண்டாவது, 70 வாரம் ‘குறிக்கப்பட்டிருக்கிறது’ என்று தமிழில் இருக்கிறது. மில்லர்காரர்களுக்கு அந்த எபிரெயச் சொல் ‘வெட்டப்பட்டிருக்கிறது’ என்று இருந்தால்தான் இரண்டு அதிகாரமும் ஒட்டும். ‘வெட்டு’ போனால் கி.மு. 457 போகும், 457 போனால் எல்லாமே போகும்.

‘நாள் குறித்தல்’ என்று நாம் கல்யாணத்துக்குச் சொல்வதை இங்கேயும் அப்படியே சொல்லலாம். மில்லர் முதலில் நாள் குறிக்கவில்லை, வருஷம் மட்டும் குறித்தார். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்று வேதத்தில் இருக்கிறதே, அந்தத் தயக்கம். 1843 மார்ச் 21-லிருந்து 1844 மார்ச் 21-க்குள் என்றார். அது கடந்தது. மே மாதம் தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அதற்குள் ஒரு பூஜ்ஜியச் சிக்கலும் பேசப்பட்டது. கி.மு. 1-க்கு அடுத்தது நேராக கி.பி. 1, நடுவில் பூஜ்ஜியம் ஆண்டு கிடையாது. கி.மு. 457-ன் இலையுதிர்காலத்தில் தொடங்கினால் 2,300 முழு வருஷம் முடிவது 1844-ன் இலையுதிர்காலத்தில். அப்புறம் மில்லர்காரர்களில் ஒருவரான சாமுவேல் ஸ்னோ வந்தார். 1844 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிட்டரில் நடந்த கூடாரக் கூட்டத்தில், பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படுவது யூதர்களின் பாவநிவிர்த்தி நாளில்தானே, அது ஏழாம் மாதம் பத்தாம் தேதியாயிற்றே என்று வாதாடினார். யூத ரபிகளின் பஞ்சாங்கப்படி அந்த வருஷம் அது செப்டம்பர் 23. வாற்கோதுமை விளைவதைப் பார்த்து முதல் மாதத்தைத் தீர்மானிக்கும் கரைட் என்ற யூதப் பிரிவின் முறைப்படி அக்டோபர் 22. இவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். மில்லரே கடைசி நேரத்தில்தான் இந்தத் தேதியை ஏற்றார்.

அக்டோபர் 22 வந்தது, கிறிஸ்து வரவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு நிலைத்துவிட்ட பெயரைத் தமிழில் ‘பெரும் ஏமாற்றம்’ எனலாம். ‘மாபெரும் மனமுறிவு’ என்றெல்லாம் எழுதினால் காதல் தோல்வி மாதிரி இருக்கிறது.

சொல்லாராய்ச்சிக்கு ருசியான இடம் இதற்குப் பிறகுதான். எபிரெயப் பேராசிரியர் ஜார்ஜ் புஷ் ஏற்கெனவே மில்லருக்கு எழுதியிருந்தார்: கணக்கில் பெரிய குறையில்லை, நடக்கப்போகும் சம்பவம் எது என்பதில்தான் பிழை. ஏமாற்றத்துக்கு அடுத்த நாளே ஹைரம் எட்சன் என்பவர் தன் வழியில் இதே இடத்துக்கு வந்தார். சுத்திகரிக்கப்படுவது பூமியல்ல, பரலோகத்திலுள்ள பரிசுத்த ஸ்தலம். கிறிஸ்து அங்கே ஒரு புதிய ஊழியத்தைத் தொடங்கினார் என்று. தேதி சரி, சம்பவம் வேறு. இந்த வழியில் போனவர்கள் 1860-ல் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக்கில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து, 1863-ல் அமைப்பானார்கள். பெயரிலேயே வருகையை வைத்திருக்கும் இந்தச் சபை, அதற்கு மேல் நாள் குறிப்பதை ஏற்பதில்லை.

எல்லோரும் விடவில்லை. சிலர் 1854 என்றார்கள். பழைய மில்லர்காரரான நெல்சன் பார்பர் 1873 என்று சொல்லி, அது தவறியதும் 1874-க்குப் போனார். அதுவும் தவறியது. அப்போது அவர் வாசகர் ஒருவர், கிரேக்கமும் ஆங்கிலமும் சேர்த்து 1864-ல் வந்த ஒரு புதிய ஏற்பாட்டைக் காட்டினார். அதில் பரூசியாவுக்கு ‘வருகை’ என்றில்லை, ‘அருகில் இருப்பது’ என்ற பொருள் தரும் சொல் இருந்தது. போதாதா! கிறிஸ்து 1874-ல் வந்துவிட்டார், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார் என்று பார்பர் எழுதினார். அதை ஏற்ற சார்லஸ் ரஸல் வழியாக அந்த வாதம் யெகோவாவின் சாட்சிகளிடம் போனது. அவர்கள் ஆண்டை 1914-க்கு மாற்றிக்கொண்டாலும் சொல்லை விடவில்லை. தமிழில் அவர்கள் ‘வந்திருத்தல்’ என்றும் ‘பிரசன்னம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ‘வந்திருத்தல்’ கெட்டிக்காரச் சொல். வந்து, இருத்தல், இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுத்துவிடுகிறது.

ஆனால் நம் ‘வருகை’யும் சளைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு என்கிறோம். அதில் குறிப்பது பையன் வாசலில் நுழைந்த நிகழ்ச்சியை மட்டுமல்ல, வகுப்பில் இருக்கிறான் என்பதையும்தான். பரூசியாவின் இரண்டு பொருளும் ஓரளவு அதற்குள் இருக்கின்றன. அதனால் அட்வென்ட் என்ற இடத்தில் தயங்காமல் வருகை என்று போடலாம். அட்வென்டிஸ்டுக்கு ‘வருகைவாதி’ வேண்டாம், கோர்ட்டு வாசனை அடிக்கிறது. இயக்கத்தைப் பொதுவாகச் சொல்லும்போது ‘வருகைச் சபையார்’ நன்றாக இருக்கும். ஏழாம் நாள் சபையைக் குறிப்பிடும்போது மட்டும் அட்வென்டிஸ்டை அப்படியே விடுங்கள். அது பதிவான பெயர், நாம் மாற்றக்கூடாது.