குலதெய்வம்: சொல்லும் சாமியும்

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "நீங்க எந்தக் கோயில்?" என்பதுதான். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் அதற்கு விடை இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்ற ஒன்பதில் ஒன்றாக இருக்கும். வெளியூர் நண்பர்கள் இதைத்தான் குலதெய்வம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இவை நகரத்தாருக்கு உரிய 'நகரக் கோயில்கள்', சிவன் கோயில்கள். யார் யாருக்குப் பங்காளி, எந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்று பார்ப்பதற்கு இவை வேண்டும். குலதெய்வம் வேறு. அது ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் நிற்கும் அய்யனாராக இருக்கலாம், கருப்பராக இருக்கலாம், ஒரு அம்மனாக இருக்கலாம். அதைக் கும்பிடும் பங்காளிக் கூட்டமும் சிறியது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'குல' என்ற வடசொல்லுக்கு மந்தை, கூட்டம், குடும்பம் என்றெல்லாம் பொருள் உண்டு. 'தெய்வம்' என்பதை வடமொழி 'தைவ'த்தோடு சேர்ப்பார்கள். தமிழ் வேரிலிருந்தே வந்தது என்று தனித்தமிழ் அறிஞர்கள் வாதிடுவார்கள். எப்படியானாலும் தொல்காப்பியத்திலேயே புழங்கும் சொல் அது. அதை அயல்வீட்டுச் சொல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பேச்சில் நாம் சொல்லும் 'குலசாமி'யின் பின்பாதியும் 'ஸ்வாமின்' என்பதிலிருந்து வந்ததுதான். உடையவர் என்று அதற்குப் பொருள்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் இல்லையா? இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் புறநிலை வாழ்த்தைச் சொல்லும் இடத்தைப் பாருங்கள்:

வழிபடு தெய்வம் நிற்புறங் காப்பப்
பழிதீர் செல்வமொடு வழிவழி சிறந்து
பொலிமின்

நீ கும்பிடும் தெய்வம் உன்னைக் காக்க, குற்றமில்லாத செல்வத்தோடு தலைமுறை தலைமுறையாகச் சிறந்து விளங்குங்கள் என்ற வாழ்த்து இது. 'வழி' என்றால் பாதை, பரம்பரை இரண்டும்தான். வாரிசை வழித்தோன்றல் என்கிறோம் அல்லவா? 'வழிபடு தெய்வம்' என்று தொடங்கி அடுத்த அடியிலேயே 'வழிவழி' என்று வரும்போது, குலதெய்வம் என்ற சொல்லில் நாம் தேடும் பொருள் முழுக்க அங்கே வந்துவிடுகிறது. ஆனால் இன்று வழிபாடு என்பது எல்லாச் சாமிக்கும் பொதுவாகிவிட்டதால், குலதெய்வத்தை மட்டும் குறிக்க இந்தச் சொல் போதாது.

என் மனதுக்குப் பிடித்தது 'குடித்தெய்வம்'. குடி என்றால் குடும்பம், மரபு. குறளில் குடிசெயல்வகை என்று ஓர் அதிகாரமே உண்டு. அதில் 1023ஆம் குறள்:

குடிசெய்வல் என்னும் ஒருவற்குத் தெய்வம்
மடிதற்றுத் தான்முந் துறும்

என் குடியை உயர்த்துவேன் என்று ஒருவன் எழுந்தால், தெய்வம் ஆடையை வரிந்து கட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து நிற்குமாம். குடி, தெய்வம் இரண்டு சொல்லும் ஒரே அடியில் நிற்கின்றன.

இந்த மாசியில் பங்காளிகள் சேர்ந்து பொங்கல் வைத்தபோது இந்தக் குறள்தான் நினைவுக்கு வந்தது. விறகு ஈரம். மூன்று கல் கூட்டியும் அடுப்புப் பிடிக்கவில்லை, ஒரே புகை. கரை வேட்டி கட்டி மரத்தடியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்தார். வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டினார், காய்ந்த பனையோலையைக் கிழித்துச் செருகினார், மண்ணில் கன்னம் படக் குனிந்து ஊதினார். தீப் பிடித்தது. பால் பொங்கி வழிந்தபோது ஒரு தம்பி சங்கு ஊதினான்.

செலவைப் புள்ளிக் கணக்கில் பிரித்துக்கொண்டோம். கல்யாணமான ஆணும் மனைவியும் சேர்ந்தது ஒரு புள்ளி. குடி என்ற பழைய சொல்லை எங்கள் ஊரில் இன்றும் இப்படித்தான் எண்ணுகிறோம் என்று எனக்குத் தோன்றும். மாமன் மச்சான்மார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், ஆனால் வரி அவர்களுக்குக் கிடையாது. அவர்கள் கும்பிடும் சாமி வேறு.

பெண்களுக்கு மட்டும் சாமி மாறும். அப்பத்தாவிடம் கேட்டேன். "பொறந்த வீட்டுச் சாமி வேறதான் அப்பு. வாக்கப்பட்டு வந்த அன்னைக்கே இந்தச் சாமிகிட்ட கூட்டியாந்து நிறுத்திட்டாக. அப்புறம் இதுதான் நம்ம சாமி," என்றார். பிறந்த வீட்டுச் சாமிக்கு அவர் இன்னும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

பேச்சில் குலசாமி என்றே இருக்கட்டும், அதை மாற்ற வேண்டியதில்லை. எழுத்தில் குடித்தெய்வம் என்று எழுதிப் பழகலாம். அடுத்த மாசிக்கு அழைப்பு எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. மேலே 'குடித்தெய்வ வழிபாடு' என்று போட்டுவிட்டேன். கீழே வழக்கம்போல 'இப்படிக்கு, பங்காளிகள்'.